கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் (1931–2004)

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 73 ஆண்டுகள் ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயில், 2004-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாளோடு ஓய்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் அகலப் பாதை வண்டிகள் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே, பெரியவருக்கு இனி அதிக நாள் இல்லை என்பது நடைமேடையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நாம் யாரும் முறையாக அழவில்லை. மறைந்தவர் ஓடிய அதே வழியில், அதே நிலையங்களில் நின்று, 'தாம்பரம் வண்டி' என்ற அதே பெயரைச் சூடிக்கொண்டு இன்னொன்று ஓடத் தொடங்கிவிட்டதால், போனது எது, வந்தது எது என்று பிரித்துப் பார்க்கவே நமக்கு அவகாசம் இல்லாமல் போயிற்று. இறந்தவர் வீட்டுத் திண்ணையில் மறுநாள் காலையே அவர் பெயருடன் வேறொருவர் வந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால், யாருக்கு ஒப்பாரி வைக்கத் தோன்றும்? துக்கம் விசாரிக்காமலே விட்டுப்போன அந்தச் சாவுக்கு இத்தனை ஆண்டு கழித்து விசாரிக்க வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் குடும்பத்தில். அந்தக் கம்பெனிக்கு மதராஸில் வாசலாக இருந்தது எழும்பூர் நிலையம். ஹென்றி இர்வின் வரைந்து, சாமிநாதப் பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டி முடித்து, 1908-இல் திறக்கப்பட்ட செங்கல் மாளிகை. அங்கிருந்து தெற்கே புறப்பட்ட எல்லாமே மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி. வடக்கேயும் மேற்கேயும் போகும் வண்டிகள் சென்ட்ரலில் 1.676 மீட்டர் அகலத்தில் கால் பரப்பி நின்றன. தெற்கத்தி வண்டிகளுக்கோ ஒடுங்கிய உடம்பும் ஒடுங்கிய வழியும்தான் விதித்திருந்தது. நகரத்தின் தென்புற ஊர்களுக்கு அதுவரை புகைவண்டிதான். மின்சாரத்தை அந்தப் பாதையின் மேல் கம்பியாகக் கட்டி வண்டி ஓட்டுவது என்று கம்பெனி முடிவெடுத்தபோது, இந்தியாவில் அதற்கு முன்னோடியாக இருந்தது 1925-இல் மின்ரயில் கண்ட பம்பாய் ஒன்றுதான். கல்கத்தாவுக்கு அந்தப் பேறு வாய்க்க 1957 வரை ஆயிற்று.

1931 ஏப்ரல் 2-ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார்; மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். இந்த ஸ்டான்லியின் பெயரை வடசென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. அவர் தொடங்கி வைத்த ரயிலுக்குத்தான் அவரை நினைவில்லை. அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச்சில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டிருந்தார்கள். ஊரில் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. அக்டோபர் கடைசியில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. ஆக, தமிழ் சினிமா வாய் திறந்ததும் மதராஸ் ரயில் மின்சாரம் குடித்ததும் ஒரே ஆண்டில். வீடுகளில் பெரும்பாலும் சிம்னி விளக்கே எரிந்துகொண்டிருந்த காலத்தில், கரி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், புகை இல்லாமல், தலைக்கு மேலே போகும் ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு வண்டி தானாக ஓடுகிறது என்பதை மாம்பலத்துப் பாட்டிகள் எப்படி நம்பினார்களோ! வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறினால் வெள்ளை வேட்டியோடே இறங்கலாம் என்பது மட்டும் முதல் நாளே எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

அது பிறந்த காலத்து மதராஸ் எவ்வளவு சிறியது என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். ஊர் என்றால் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம். அதற்குத் தெற்கே ஏரியும் வயலும் தோப்பும் பாறையும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1920-களில்தான் தியாகராய நகரை மனை மனையாகப் பிரித்திருந்தார்கள். மனை பிரித்தால் போதுமா, குடி வர வேண்டாமா? காலையில் பாரி முனைக்கும் கோட்டைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய், மாலையில் வீடு திரும்ப வழி இருந்தால்தான் ஒரு குமாஸ்தா மாம்பலத்தில் வாடகைக்கு வீடு எடுப்பார். அந்த வழியை மின்ரயில் கொடுத்தது. நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கி வீட்டுக்கு நடந்தவர்களின் காலடியில்தான் ரங்கநாதன் தெரு தெருவாயிற்று. பின்னால் அங்கே வந்த பட்டுக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் முதல் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் இந்த வண்டியே. மேற்கு வாசலில் இறங்கியவர்கள் மேற்கு மாம்பலத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

நிலையங்களின் வரிசையை இன்னும் நாம் மூச்சு விடாமல் சொல்வோம். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை. அடையாற்றைத் தாண்டினால் கிண்டி, பரங்கிமலை. பிற்காலத்தில் நடுவே வந்து சேர்ந்துகொண்ட பழவந்தாங்கல். மீனம்பாக்கம், விமான நிலையத்துக்கு எதிரே பின்னால் முளைத்த திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். இவற்றில் பூங்கா என்றால் பொது மருத்துவமனை. விழுப்புரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடைப்பட்ட எத்தனையோ ஊர்களிலிருந்து கையில் எக்ஸ்ரே உறையோடு வந்தவர்கள், தாம்பரத்தில் மாறி ஏறி, பூங்காவில் இறங்கி, தெருவைக் கடந்து போனார்கள். சானடோரியம் என்றால் காசநோய். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் ஆரோக்கியசாலையின் பெயரே நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. குரோம்பேட்டை அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. ஒரு நோயும் ஒரு தொழிற்சாலையும் ஊர்ப் பெயராகி, அந்தப் பெயர்களை நாள்தோறும் பல்லாயிரம் வாய்களில் புழங்க விட்டது இந்த ரயில். தொழிற்சாலை போன பிறகும் பெயர் போகவில்லை.

பல்லாவரத்தில் மறைமலையடிகள் இருந்தார். 1911-இல் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு, நகரத்தின் சந்தடி வேண்டாம் என்று அங்கே குடியேறியவர். 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் விட்டு வந்த கல்லூரியோ 1937-இல், தன் நூறாவது ஆண்டில், ஜார்ஜ் டவுனை விட்டுப் புறப்பட்டு, அவருடைய பல்லாவரத்தையும் தாண்டிப் போய், தாம்பரத்துச் சேலையூர்க் காட்டில் 365 ஏக்கரில் அமர்ந்துகொண்டது. மின்ரயில் வந்து ஆறு ஆண்டு ஆகியிருக்காவிட்டால், துறைமுகத்துக்கு அருகே இருந்த ஒரு கல்லூரிக்கு அவ்வளவு தொலைவு பெயரும் துணிவு வந்திருக்குமா என்பது ஐயமே. கல்லூரி போன இடத்துக்குப் பேராசிரியர்கள் போனார்கள், மாணவர்கள் போனார்கள், அவர்களுக்குச் சோறு போடுபவர்களும் துணி வெளுப்பவர்களும் போனார்கள். இன்று தாம்பரம் ஒரு மாநகராட்சி.

கோடம்பாக்கத்தின் கதையில் ரயிலைவிட ரயில்வே கேட்டுக்குத்தான் புகழ். 1948 வாக்கில் ஏவி.எம். அங்கே வந்து சேர்ந்தது. வாஹினியும் மற்ற ஸ்டுடியோக்களும் அக்கம்பக்கத்தில் எழுந்தன. படப்பிடிப்புக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்கள் கேட் மூடியிருக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட் ஓரத்தில் காத்துக் கிடப்பார்கள். மின்ரயில் கடந்து போகிற வரைக்கும் திரையுலகமே நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. பிறகு மேம்பாலம் கட்டிவிட்டார்கள், தரிசனம் நின்றுபோயிற்று.

இனி அதன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனது அந்த உடம்புதான். மீட்டர்கேஜ் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், இன்று நாம் ஏறும் அகலப் பாதை மின்ரயில் பெட்டி ஏறத்தாழ 3.6 மீட்டர். எழுத்தில் மூன்று அடி வேறுபாடுதான். ஏறி நின்றவர்களுக்கு அது வேறோர் உலகம். பழைய பெட்டியில் ஒருவர் கையை நீட்டினால் எதிர்ப்பக்கத்துக்காரரின் தோளைத் தொட்டுவிடலாம். உட்கார்ந்தவரின் முழங்கால் நின்றவரின் காலில் இடிக்கும். நின்றவர் கையிலிருக்கும் பை உட்கார்ந்தவர் மடிக்குத் தானாகவே போய்விடும். இரண்டு பக்கச் சன்னலும் எல்லோருக்கும் பக்கத்தில் என்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அடுத்தவர் பேச்சுக்கும் பஞ்சமில்லை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது, எந்த அலுவலகத்தில் பஞ்சப்படி இன்னும் தரவில்லை என்ற செய்திகள் கிண்டி வருவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிடும். அந்த ஒடுக்கத்தைக் குறை என்று நினைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாதவர்களை முகம் தெரிந்தவர்களாக்கியது அந்த ஒடுக்கம்தான் என்று இன்று நினைக்கத் தோன்றுகிறது, 8.40 வண்டியின் மூன்றாவது பெட்டி என்றால் அது ஒரு தெரு.

அந்தத் தெருவுக்கு அதற்கே உரிய ஒழுங்குகள் இருந்தன. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு எழுதப்படாத இடங்கள் உண்டு. புதிதாக வந்தவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழச் சொல்ல மாட்டார்கள், மூன்று பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முட்டியின் மேல் பெட்டியை வைத்து அதன் மேல் துண்டை விரித்துச் சீட்டாடுகிற கூட்டம் ஒன்று. நாலாய் மடித்த செய்தித்தாளை ஒருவர் படிக்க, பின்னாலிருந்து இருவர் சேர்ந்து படிக்கிற கூட்டம் இன்னொன்று. மகளிர் பெட்டியில் பூ தொடுத்தார்கள், கீரை ஆய்ந்தார்கள், பின்னல் ஊசிகளோடு மழலைக்குச் சட்டை பின்னினார்கள், வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லி அழுதார்கள். வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேர், மாமியார் வீட்டுக்கும் மேலதிகாரிக்கும் நடுவே தமக்கென்று கிடைத்த ஒரு மணி நேரத்தை அந்தப் பெட்டியில்தான் வாழ்ந்தார்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

வியாபாரிகளுக்கும் அதுவே வண்டி. கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் பெயரும் வரை, விடியற்காலையில் அங்கே காய்கறி எடுத்தவர்கள் கூடையோடும் மூட்டையோடும் கடற்கரையிலோ கோட்டையிலோ ஏறி, சைதாப்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் கொண்டுபோனார்கள். பூ போயிற்று, வாழையிலை போயிற்று, பால் கேன் போயிற்று. கடற்கரை நிலையத்துக்கு எதிரே, 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த தமிழர்கள் கடை விரித்து பர்மா பஜாரை உண்டாக்கியபோது, அங்கே வாங்கிய சென்ட் பாட்டிலையும் டேப் ரிக்கார்டரையும் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பியவர்களுக்கும் இந்த வண்டிதான். வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, சமோசா, பத்து ரூபாய்க்கு மூன்று பேனா, பார்வையற்ற ஒருவர் தட்டித் தட்டி நடந்துகொண்டே பாடும் பழைய பாட்டு. தடிமனான அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் அந்த இரும்புக் கருவியின் 'டக்' ஓசை கேட்டவர்களுக்கு, கணினி கக்கும் மெல்லிய தாளைக் கையில் வாங்கும்போது இன்றும் ஏதோ ஒன்று குறைந்திருப்பதாகப் படும்.

நடுவயதில் அது பல சாவுகளைப் பார்த்தது. தன்னைவிட மூத்ததான மதராஸ் டிராம், 1895 முதல் மின்சாரத்தில் ஓடியது, 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்துக் கண்மூடியது. அதன் தண்டவாளங்கள் தார்ச்சாலைக்குள் புதைந்தன. பெற்றெடுத்த தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வேக்குள் கரைந்தது. பிறப்பிலிருந்து 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிக்கு 1960-களில் இரத்தத்தையே மாற்றினார்கள். 1967 முதல் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ஐ.சி.எஃப். கட்டிய புதிய பெட்டிகள் வந்தன. ஜப்பானியர் செய்த மின்எஞ்சின்கள் வந்து, விழுப்புரம் வரை நீண்ட மின்கம்பியின் கீழ் தொலைதூர வண்டிகளை இழுத்தன. இந்தியா முழுவதிலும் மீட்டர்கேஜில் மின்சாரம் ஓடிய பாதை இது ஒன்றுதான். அந்தப் பெருமையே பின்னாளில் அதற்கு எமனாயிற்று.

அதன் உறவினர்களையும் நினைக்காமல் முடியாது. எழும்பூரிலிருந்து தெற்கே போன எல்லா வண்டிகளும் அதன் இரத்த உறவு. தனுஷ்கோடி வரை போய்க் கப்பலுக்கு ஆளை மாற்றிவிட்ட போட்மெயில், மதுரைக்குப் பாண்டியன், 1977 சுதந்திர நாளில் பிறந்து பகலிலேயே மதுரையைத் தொட்டுக் காட்டிய வைகை, பல்லவன், நெல்லைக்கும் செங்கோட்டைக்கும் தஞ்சைக்கும் போனவை. இவையெல்லாம் ஒரே ஒரு மீட்டர் அகலத்தில்தான் தமிழகத்தின் தென்பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தன. விடியற்காலை அந்த வண்டிகளிலிருந்து தாம்பரத்தில் குதித்து, தகரப் பெட்டியும் கையில் ஒரு முகவரித் துண்டுமாக, எதிரே நிற்கும் மின்ரயிலில் ஏறிய இளைஞனுக்கு, பட்டணம் முதன்முதலாக அறிமுகமானது அதன் சன்னல் வழியாகத்தான். பல்லாவரத்துக் கல்லுடைக்கும் குன்றும், மீனம்பாக்கத்தில் தாழப் பறந்த விமானமும், அடையாற்றுப் பாலமும், சைதாப்பேட்டைக் கொல்லைப்புறங்களும் அவன் கண்டான். மாம்பலத்தில் இறங்கி அறை தேடினான். பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அதே வண்டியில் அலுவலகம் போய்வந்து ஓய்வும் பெற்றான். அவனைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு அவன் அப்பா.

குற்றம் குறையே இல்லாத பெரியவர் என்று சொன்னால் மறைந்தவருக்கே அது பிடிக்காது. மழை பெய்தால் தடுமாறியது. அதன் கதவற்ற வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் வீடு சேரவில்லை. நடைபாலத்துக்கு ஏறச் சோம்பித் தண்டவாளத்தைக் கடந்தவர்களில் பலரை அது எடுத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் நெரிசல் பொறுக்க முடியாததாயிற்று. ஒரு சிறிய ஊரின் தென்புறத்துக்காக அளவெடுத்துத் தைத்த உடம்பு, மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் மட்டுமாக இருந்த மதராஸ் பெருத்துப் பெருத்துச் செங்கற்பட்டு எல்லையை முட்டிய பிறகும், அதே ஒரு மீட்டரில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. மதராஸில் பிறந்தது, 1996-இல் ஊர் பெயரை மாற்றிக்கொண்ட பின் சென்னையில் முதுமை கழித்தது. 2000-இல் வந்த 'அலைபாயுதே' படத்தில் புறநகர் ரயிலும் அதன் நடைமேடைகளும் காதலர்கள் சந்திக்கும் இடமாயின. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மின்ரயிலில் ஏறிய இளவட்டங்களுக்கு, அந்தப் பெட்டிகளுக்கு இன்னும் நான்கே ஆண்டுகள்தான் என்று தெரியாது.

முடிவு டெல்லியில் எழுதப்பட்டது. நாடு முழுதும் ஒரே அகலத்தில் பாதை வேண்டும் என்று 1992-இல் ரயில்வே தொடங்கிய திட்டத்துக்கு நியாயம் இருந்தது. அகலம் மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டிய நாட்டில், வண்டிகள் இணைந்து ஓட முடியாத நாட்டில், இந்தத் துண்டு துண்டான பாதைகளை ஒன்றாக்கத்தான் வேண்டும். யாரும் சதி செய்யவில்லை. உறவினர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். வைகையும் பாண்டியனும் பல்லவனும் அகலமான உடம்பெடுத்து மறுபிறவி எடுத்துக்கொண்டார்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் புறப்பட்ட பறக்கும் ரயில் பிறக்கும்போதே அகலப் பாதையில் பிறந்தது. எழும்பூரில் ஒவ்வொரு நடைமேடையாக அகலப் பாதை ஏறியது. கடைசியில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒற்றையாக ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். மீட்டர்கேஜ் மின்ரயில் என்ற இனம் இந்தியாவில் வேறெங்கும் இல்லை என்பதால், பழுதானால் பிரித்து எடுத்துப் போட இன்னொரு ஊரில் இன்னொரு வண்டி இல்லை; ஓய்வு பெற்றால் அனுப்பிவைக்க இன்னொரு பாதையும் இல்லை. மற்ற மீட்டர்கேஜ் பெட்டிகளாவது கொஞ்ச காலம் வேறு ஊர்ப் பாதைகளில் ஓடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தன. இதற்கு அந்தப் போக்கிடமும் இல்லை.

அதன் பிறகு வந்த வண்டிகளைக் குறை சொல்ல வரவில்லை. அவற்றில் நிறையப் பேர் ஏறலாம், காற்று நன்றாக வருகிறது, நின்றாலும் அடுத்தவர் காலை மிதிக்காமல் நிற்கலாம். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, குளிர்பதனப் பெட்டியும் தானே மூடும் கதவும் வந்தன. பின்னர் அந்த மெட்ரோ விமான நிலையம் வரை போய், கிண்டியில் பழைய நிலையத்துக்கு அருகிலேயே தன் நிலையத்தை உயரத்தில் கட்டிக்கொண்டது. கீழே நின்று பார்த்தால் இரண்டு தலைமுறைகள் மேலும் கீழுமாகப் போவது தெரியும். மெட்ரோவில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் போகிறார்கள். அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய மூன்றாவது பெட்டியில் நம் வீட்டுக் கதையைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இப்போதுகூடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரங்கல் செய்திகளில் கடைசியாக, மறைந்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று போடுவது வழக்கம். பெரும்பாலான உறவினர்கள் முன்பின்னாகப் போய்விட்டார்கள். மலை குடைந்து கொல்லத்துப் பக்கம் போன செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010-இல் அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டது. டெல்டாவில் கடைசி வரை தாக்குப்பிடித்த கிளைப்பாதைகளும் அதைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே மீட்டர்கேஜ் உறவு நீலகிரியில்தான்: 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி, 1908-இல் ஊட்டியைத் தொட்ட மலைரயில். பெரியவர் மறைந்த மறு ஆண்டு, 2005-இல், அதை யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதனால் அதற்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. மின்சாரம் கிடையாது, பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுகிற வண்டி. ஆனால் தண்டவாளத்தின் இடைவெளி அதே ஒரு மீட்டர், பெட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் அதே மாதிரி இடிக்கும். துக்கம் விசாரிக்கப் போக நமக்கு வேறு வீடு இல்லை. சீசன் நேரத்தில் போவதானால் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள், இடம் கிடைப்பது கடினம்.